பால் ஊறியதா என்று யாரும் கேட்கவில்லை: இருபது வருடம் தள்ளிப்போன ஒரு ஹார்மோன் நோய்

என் சித்திக்கு ஷீஹான் நோய்க்குறி, அதாவது பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனதால் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி கெட்டுப்போகிற நோய், இருப்பதாக 2016-ல், அவருடைய 46-வது வயதில் கண்டுபிடித்தார்கள். நோய் வந்தது 1996-ல். நடுவில் இருந்த இருபது வருடமும் அவர் வைத்தியம் பார்க்காமல் இருந்தவர் இல்லை. பார்த்த வைத்தியத்தின் சீட்டுகளும் ரிப்போர்ட்டுகளும் ஒரு துணிப்பை நிறையச் சேர்ந்து, வீட்டுப் பரணில் கிடந்தன.

நான் மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நோய் என்னவென்று தெரிந்த பிறகு அந்தப் பையைக் கீழே இறக்கி, எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கினேன். சீட்டில் இல்லாததைச் சித்தியிடமும் சித்தப்பாவிடமும் பாட்டியிடமும் கேட்டு எழுதிக்கொண்டேன். சித்தி சம்மதம் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். ஆள் பெயர், ஆஸ்பத்திரி பெயர் எதுவும் இதில் கிடையாது. எந்த அறிகுறி எப்போது வந்தது, அதை யார் எப்படிப் பார்த்தார்கள், எங்கே கோட்டைவிட்டார்கள் என்பதுதான் விஷயம்.

பிரசவம்

சித்தி வாக்கப்பட்டது கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊரில். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். முதல் பையன் 1992-ல் பிறந்தான். சுகப்பிரசவம். இரண்டு வயது தாண்டியும் அவனுக்குத் தாய்ப்பால் கொடுத்தார்.

இரண்டாவது பிள்ளை 1996-ல். வலி எடுத்து வண்டி பிடிப்பதற்குள் வீட்டிலேயே பிறந்துவிட்டது. பிள்ளை நல்லபடியாக வந்தது, நஞ்சுக்கொடி வரவில்லை. ரத்தம் நிற்காமல் போனது. பாட்டி சொன்னது: "சாக்கு மேல சாக்கா மாத்துனோம். கூப்பிட்டா முழிச்சுப் பாக்கல." டவுனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது நாடி கிடைக்கவில்லையாம். நஞ்சை எடுத்து, நாலு பாட்டில் ரத்தம் ஏற்றி, உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். அன்று அவர்கள் செய்ததில் எந்தக் குறையும் இல்லை. ஒரு வாரத்தில் வீடு திரும்பினார்.

வீட்டுக்கு வந்த பிறகு பால் ஊறவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை, மார் கட்டவும் இல்லை. பூண்டு, பால்சுறா மீன், முருங்கைக்கீரை என்று பாட்டி என்னென்னவோ ஆக்கிப்போட்டார். பிள்ளை பசும்பாலிலும் பவுடர் பாலிலும் வளர்ந்தது. ரத்தம் அவ்வளவு போனவளுக்குப் பால் எப்படி வரும் என்று ஊரில் சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் தீட்டும் வரவே இல்லை. ஒரு வருடம் பார்த்தார்கள், இரண்டு வருடம் பார்த்தார்கள். இரண்டு பிள்ளை போதும், இனி குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் தேவையில்லை என்று அதையும் விட்டுவிட்டார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை வெகுநாள் கழித்துத்தான் சித்தி சொன்னார். பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் மழித்த முடி திரும்ப முளைக்கவில்லை. அக்குளிலும் இல்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது என்று வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார்.

பால் இல்லை, தீட்டு இல்லை, முடி இல்லை. இந்த மூன்றையும் நிறைய ரத்தம் போன பிரசவத்தோடு சேர்த்து ஒருவர் கேட்டிருந்தால், 1997-லேயே பதில் கிடைத்திருக்கும்.

இருபது வருடம்

முதலில் வந்தது அசதி. வேலை செய்து களைத்த அசதி இல்லை. தூங்கி எழுந்த உடனேயே இருக்கிற அசதி. தீப்பெட்டி ஆபீசில் கட்டு எண்ணிக்கை குறைந்துகொண்டே போய், கடைசியில் வேலையை விட்டார். வீட்டில் சோம்பேறி என்று பெயர் வந்தது. மாமியார் மட்டும் சொல்லவில்லை, எங்கள் பக்கத்து ஆட்களும் சொன்னார்கள். அப்புறம் குளிர். சித்திரை வெயிலில் அந்தக் கரிசல் மண் வெடித்துக் கிடக்கும்போது, சித்தி போர்வை போர்த்திப் படுத்திருப்பார். மின்விசிறி போடக் கூடாது. தோல் வறண்டது, முகம் வெளுத்து லேசாக ஊதியது, புருவத்தின் வெளிப்பாதி உதிர்ந்தது, குரல் தடித்தது, மலச்சிக்கல் தீரவே இல்லை. பசி இல்லை. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும்.

பையில் இருந்த சீட்டுகளை அடுக்கிப் பார்த்தபோது, டாக்டர்கள் வைத்த பெயர்கள் வரிசையாகக் கிடைத்தன. ரத்த சோகை. லோ பிரஷர். சத்துக் குறைவு. சீக்கிரமே மாதவிடாய் நின்றுவிட்டது. மன அழுத்தம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது, அதுதான் வருத்தம்.

ரத்த சோகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 9.4 என்று பல ரிப்போர்ட்டுகள். உடனே இரும்புச்சத்து மாத்திரை. ஒன்றும் ஏறவில்லை என்றால் ஊசி. ஆனால் அதே தாளில் எம்.சி.வி. 86 என்று அச்சாகியிருக்கிறது. சிவப்பணு சராசரியாக எவ்வளவு பெரியது என்று சொல்கிற எண் அது. இரும்புச்சத்துக் குறைவு இவ்வளவு காலம் இருந்தால் அணுக்கள் சிறுத்துப்போகும், 80-க்குக் கீழே இறங்கும். இவருக்கு அணுக்கள் சரியான அளவில்தான் இருந்தன, எண்ணிக்கைதான் குறைவு. தைராய்டு ஹார்மோனும் கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோனும் குறைந்தால் எலும்பு மஜ்ஜை மந்தமாகி இப்படி ஆகும். இரும்பைக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள், அது குறை இல்லாத இடத்தில் போய் விழுந்துகொண்டே இருந்தது.

குளுக்கோஸ் பாட்டில் கதையும் உண்டு. ரொம்ப முடியாமல் போனால் பக்கத்து ஊர் கிளினிக்கில் ஒரு டிரிப்ஸ் போடுவார்கள். போட்டால் இரண்டு மூன்று நாள் தெம்பாக நடமாடுவார். "பாட்டில் போட்டா சரியாயிருது, அப்ப ஒடம்புல ஒண்ணுமில்ல, சாப்பிடாமக் கெடக்கிறதுதான்" என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். அந்தக் கிளினிக் சீட்டுகளில் டி.என்.எஸ். என்று எழுதியிருக்கிறது. குளுக்கோசும் உப்பும் கலந்த நீர். உடம்பில் சோடியமும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஒருசேரக் குறைந்திருக்கிற ஆளுக்கு உப்பும் சர்க்கரையும் ஏற்றினால் தேறத்தானே செய்வார்? ஏன் ஒவ்வொரு முறையும் தேறுகிறார் என்று யோசித்திருந்தால் அதுவே பெரிய துப்பு.

மகளிர் மருத்துவர் ஒருவரை 2004-ல் பார்த்திருக்கிறார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பை சிறுத்திருக்கிறது. சீக்கிர மாதவிடாய் நிறுத்தம் என்று எழுதி, மூன்று மாதம் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். மாத்திரை சாப்பிட்ட மாதங்களில் தீட்டு வந்தது, நிறுத்தியதும் நின்றது. அந்தச் சீட்டின் மேல்மூலையில் பி2 எல்2, எல்.சி.பி. 1996 என்று இருக்கிறது. இரண்டு பிரசவம், இரண்டு பிள்ளையும் உயிரோடு, கடைசிப் பிரசவம் 1996-ல் என்று அர்த்தம். எல்லா மகளிர் மருத்துவச் சீட்டிலும் இது இருக்கும். அந்தப் பிரசவம் எப்படி நடந்தது என்பதற்கு அங்கே இடமில்லை. எஃப்.எஸ்.எச். என்ற ஒரு ரத்தப் பரிசோதனை எழுதியிருந்தால் போதும். சினைப்பையை வேலை வாங்க பிட்யூட்டரி அனுப்புகிற ஹார்மோன் அது. சினைப்பை ஓய்ந்துபோய் மாதவிடாய் நின்றவருக்கு அது எகிறி நிற்கும். சித்திக்குக் குறைவாக வந்திருக்கும். கோளாறு கீழே இல்லை, தலைக்குள் இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

2009-ல் மனநல மருத்துவர். சித்தி அப்போது பேசுவதையே குறைத்துக்கொண்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தால்கூட முகம் மலராது. அதற்கு முன்னால் கோடாங்கி, கோயில் எல்லாம் ஆகிவிட்டது. மருத்துவர் மன அழுத்தம் என்றார். அவர் பார்த்ததும் பொய் இல்லை. தைராய்டும் கார்டிசோலும் இல்லாத உடம்பில் மனசும் சேர்ந்துதான் சாயும். ஆனால் "எல்லா டெஸ்டும் நார்மல், மனசுதான்" என்று ஒருவர் எழுதிவிட்டால், அடுத்துப் பார்க்கிற ஒவ்வொருவரும் அந்த வரியைத்தான் முதலில் படிக்கிறார்கள். அதன்பிறகு சித்தி எதைச் சொன்னாலும் அது மனசின் கணக்கில் சேர்ந்தது.

உண்மையில் எல்லா டெஸ்டும் நார்மலாக இருக்கவும் இல்லை. 2013 ரிப்போர்ட் ஒன்றில் சோடியம் 127. இருக்க வேண்டியது 135-க்கு மேல். எங்களைப் போன்றவர்கள் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு அனுப்புவது யாராவது பார்ப்பார்கள் என்றுதான். அந்தத் தாளின் ஓரத்தில் பேனாவால் ‘நார்மல்’ என்று எழுதியிருந்தது.

தைராய்டு டெஸ்ட் செய்த குழப்பம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சித்திக்கு மட்டும் நடப்பது இல்லை.

தைராய்டு பார்க்க வேண்டும் என்றால் பெரும்பாலும் டி.எஸ்.எச். ஒன்றை மட்டும் எழுதுகிறார்கள். டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பது இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்குவதற்காக அனுப்புவது. தைராய்டு சோர்ந்தால் பிட்யூட்டரி அதிகமாக அதட்டும், டி.எஸ்.எச். ஏறும். சாதாரணமாக வருகிற தைராய்டு குறைபாட்டை இது அழகாகக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதட்டுகிற மேஸ்திரியே படுத்துவிட்டால்? வேலையும் நடக்காது, அதட்டலும் கேட்காது. டி.எஸ்.எச். குறைவாகவோ, சாதாரண அளவிலோ, சில சமயம் லேசாக ஏறியோகூட இருக்கும். ஆனால் அது வீரியம் இல்லாத டி.எஸ்.எச். அந்த நிலையில் தைராய்டு சுரக்கிற ஹார்மோனையே அளக்கிற ஃப்ரீ டி4 என்ற இன்னொரு பரிசோதனையைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

2011-ல் சித்தியின் டி.எஸ்.எச். 2.9. தைராய்டு இல்லை என்று எழுதிவிட்டார்கள். புருவம் உதிர்ந்து, குரல் தடித்து, வெயிலில் போர்வையோடு ஒரு பெண் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். தாளில் 2.9 என்று இருக்கிறது. தாள் ஜெயித்தது.

2016 தொடக்கத்தில் வேறு ஒரு டாக்டர் மறுபடி பார்த்தபோது டி.எஸ்.எச். 7.1. ஆஹா, தைராய்டுதான் என்று தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையை 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்தார். எங்கள் எல்லாருக்கும் நிம்மதி, கடைசியில் ஒரு பெயர் கிடைத்துவிட்டது என்று. மூன்று வாரம் கழித்து 100 ஆக்கினார். சித்தி தேறுவதற்குப் பதிலாக மோசமானார். வாந்தி, தலைசுற்றல், எழுந்து நிற்க முடியவில்லை. மாத்திரை பிடிக்க நாளாகும் என்றார்கள்.

நடந்தது இதுதான். உடம்புக்குக் கார்டிசோல் என்ற ஹார்மோன் இல்லாமல் உயிர் தரிக்க முடியாது. அதைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பிகளும் பிட்யூட்டரி சொல்கிறபடிதான் வேலை செய்கின்றன. சித்திக்கு அது ஏற்கெனவே அடிமட்டத்தில் இருந்தது. தைராக்சின் உள்ளே போனதும் உடம்பின் வேகம் கூடுகிறது, இருக்கிற கொஞ்சக் கார்டிசோலும் சீக்கிரம் செலவாகிறது. அதனால்தான் பிட்யூட்டரி கோளாறு என்ற சந்தேகம் இருந்தால் முதலில் கார்டிசோலைப் பார்க்க வேண்டும், குறைவாக இருந்தால் ஸ்டீராய்டு கொடுத்த பிறகே தைராக்சினைத் தொட வேண்டும். இது புதிய விஷயம் இல்லை, மருத்துவப் படிப்பில் சொல்லித்தருகிற பாலபாடம். ஆனால் பிட்யூட்டரி என்று நினைத்தால்தானே அந்தப் பாடம் நினைவுக்கு வரும்.

ஐ.சி.யூ.

அந்த நிலையில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. மறுநாள் காலையில் சித்தி ஆள் அடையாளம் தெரியாமல் உளறினார். மதுரைக்குக் கொண்டுவந்தபோது ரத்த அழுத்தம் 70/40, சர்க்கரை 52, சோடியம் 112. பொட்டாசியம் 4.1, அது சரியான அளவு. தலையில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக்கசிவு எதுவும் இல்லை. கிருமித்தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது என்று ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். எவ்வளவு சலைன் ஏற்றியும் அழுத்தம் நிற்கவில்லை.

இரவுப் பணியில் இருந்தவர் மேற்படிப்பு படிக்கிற ஒரு இளம் பெண் மருத்துவர். சித்தியை முழுவதும் பரிசோதித்துவிட்டு வெளியே வந்து பாட்டியைக் கூப்பிட்டார்.

"பாட்டி, இவங்களுக்குக் கடைசிப் பிரசவத்துல ரத்தம் நெறையப் போச்சா?"

"போச்சும்மா. செத்துப் பொழச்சா."

"பிள்ளைக்குப் பால் குடுத்தாங்களா?"

"ஊறவே இல்லையே."

"அதுக்கப்புறம் தீட்டு வந்துச்சா?"

பாட்டி இல்லை என்று தலையாட்டினார். அந்த மருத்துவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கார்டிசோலுக்கு ஒரு டியூப் ரத்தம் எடுத்து வைத்துவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் நரம்பில் போட்டார். காத்திருக்கக் கூடாது என்பதும் அந்தப் பாலபாடத்தில் உண்டு.

விடிவதற்குள் அழுத்தம் 100-ஐத் தாண்டியது. மறுநாள் சாயங்காலம் சித்தி எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். பசிக்கிறது என்று அவர் சொல்லி நாங்கள் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது. மருத்துவர்கள் அப்போதும் நிம்மதியாக இல்லை. கார்டிசோல் உள்ளே போனதும் தேங்கியிருந்த நீரைச் சிறுநீரகம் வேகமாக வெளியேற்றும், சோடியம் சட்டென்று ஏறிவிடும். ஒரே நாளில் 8, 10 அளவுக்கு மேல் ஏறினால் மூளை நரம்புகள் சேதமாகலாம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை சோடியம் பார்த்து, ஏற்றத்தைப் பிடித்து நிறுத்தி நிறுத்தித்தான் கொண்டுபோனார்கள்.

முடிவுகள் வந்தன. கார்டிசோல் டெசிலிட்டருக்கு 2.1 மைக்ரோகிராம். அவ்வளவு மோசமான நிலையில் ஆரோக்கியமான உடம்பு 20-க்கு மேல் சுரந்து தள்ளியிருக்கும். தைராக்சினை விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் கழித்துப் பார்த்த ஃப்ரீ டி4 0.4, ரொம்பக் குறைவு; அதற்கு டி.எஸ்.எச். 4.2. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் 1.6, சாதாரணமாக 5-க்கு மேல் இருக்கும். எஃப்.எஸ்.எச். 3.1. இருபது வருடமாகத் தீட்டு இல்லாதவருக்கு 3.1! எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பிட்யூட்டரி இருக்க வேண்டிய எலும்புக் குழி காலியாக, நீர் நிரம்பிக் கிடந்தது. சுரப்பி சுருங்கி அடியில் ஒரு கோடாக ஒட்டியிருந்தது.

என்ன நடந்திருந்தது

கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி வீங்கிப் பெரிதாகும். பால் சுரக்கத் தயாராகிற செல்கள் பெருகுவதால். ஆனால் அதன் முன்பகுதிக்கு ரத்தம் வருவது அழுத்தம் குறைந்த சிரைகள் வழியாகத்தான். சுரப்பி பெரிதாகி ரத்தம் அதிகம் தேவைப்படுகிற அந்த நேரத்தில், பிரசவ ரத்தப்போக்கால் அழுத்தம் விழுந்தால், முன்பகுதி ரத்தம் கிடைக்காமல் செத்துப்போகிறது. பின்பகுதிக்குத் தனி தமனி இருப்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடும். கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவமனையில் நோய்க்கூறியல் நிபுணராக இருந்த ஹெரால்ட் லீமிங் ஷீஹான் 1937-ல் இதை விளக்கமாக எழுதினார். பிரசவத்தில் இறந்த பெண்களின் உடல்களைப் பரிசோதித்து அவர் கண்டது அது.

சிலருக்குப் பிரசவமான நாட்களிலேயே நிலைமை முற்றிவிடும். பலருக்குச் சித்தி மாதிரி மெதுவாக, ஒவ்வொரு ஹார்மோனாகக் குறையும். மிச்சமிருக்கிற செல்களை வைத்து உடம்பு எப்படியோ ஓட்டும். காய்ச்சல், ஆபரேஷன், தவறான மருந்து என்று ஏதாவது வந்து மோதுகிற நாளில் சரியும். அட்ரீனலிலேயே கோளாறு வருகிற அடிசன் நோயில் தோல் கறுக்கும், பொட்டாசியம் ஏறும். இதில் இரண்டும் இருக்காது. தோல் வெளுத்துத்தான் போகும். அதனால் அடிசனை எதிர்பார்த்துப் பார்க்கிற கண்ணுக்கும் இது தப்பிவிடும்.

பணக்கார நாடுகளில் இது அபூர்வமாகிவிட்டது. நம் நாட்டில் அப்படி இல்லை. காஷ்மீர் பள்ளத்தாக்கில் செய்து 2005-ல் வெளியான ஆய்வு, பிள்ளை பெற்ற 20 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று கணக்கிட்டது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வீட்டில் பிரசவித்தவர்கள். துருக்கியில் செய்த ஆய்வுகளிலும் பிரசவத்துக்கும் நோய் கண்டுபிடிப்பதற்கும் இடையே சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் போயிருக்கிறது. சித்தியின் இருபது வருடம் விதிவிலக்கே இல்லை.

தமிழ்நாட்டில் இப்போது கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். ரத்தப்போக்கைச் சமாளிக்கிற முறைகளும் வெகுவாக முன்னேறிவிட்டன. ஆனால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வீட்டில் பெற்று, ரத்தம் கொட்டிப் பிழைத்த பெண்கள் எங்கே போனார்கள்? இங்கேதான் இருக்கிறார்கள். இன்றைக்கு அவர்களுக்கு ஐம்பது, அறுபது வயது. அசதி என்று போனால் வயசாகிவிட்டது என்றோ, மாதவிடாய் நிற்கிற நேரம் அப்படித்தான் என்றோ சொல்லி அனுப்பினால் அவர்களும் கேட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். எனக்குக் கவலையெல்லாம் அவர்களைப் பற்றித்தான்.

ஏன் யாருக்கும் தெரியவில்லை

டாக்டர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சித்தி ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்துக்குப் போனார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள்தான் இருந்தது. முழுப் பையையும் யாரும் பார்க்கவில்லை. புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கிற நேரத்தில் முதல் புகாரைத் தாண்டிப் போக முடிவதில்லை. சித்தப்பா பக்கத்தில் நிற்கும்போது, ஆண் டாக்டரிடம், முடி முளைக்கவில்லை என்று சித்தி சொல்வார் என எதிர்பார்க்க முடியாது. அதைக் கேட்க வேண்டியது எதிரில் இருப்பவர்.

ஆனாலும் ஒன்றை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. பெண் வந்து அசதி என்று சொன்னால், அதற்குக் காரணம் தேட வேண்டும் என்று தோன்றுவதே குறைவு. ரத்தம் கம்மி, சரியாகச் சாப்பிடுவதில்லை, வீட்டுக் கவலை என்று மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. நல்ல உழைப்பாளியாக இருந்த 26 வயதுப் பெண் ஒரு பிரசவத்துக்கு முன் ஒரு மாதிரியும் அதற்குப் பின் வேறு மாதிரியும் ஆனார் என்பதை எந்தச் சீட்டிலும் யாரும் எழுதவில்லை. சித்தி அதைச் சொல்லாமலும் இல்லை. "இவ பொறந்ததுல இருந்துதான் இப்படி" என்று எல்லாரிடமும் சொன்னார். அது தாயின் அங்கலாய்ப்பாகக் காதில் விழுந்ததே தவிர, நோயின் வரலாறாக விழவில்லை.

இதே மாதிரி யாராவது வீட்டில் இருந்தால், போகும்போது ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப்போங்கள். மேலே ஒரு தாளில் பிரசவங்களின் வருடம், ரத்தம் ஏற்றினார்களா, பால் ஊறியதா, தீட்டு திரும்பியதா என்று நாலு வரி எழுதி வையுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதையும் அதிலேயே எழுதலாம். டி.எஸ்.எச். மட்டும் போதுமா, ஃப்ரீ டி4 வேண்டாமா, காலை எட்டு மணிக் கார்டிசோல் பார்க்கலாமா என்று கேளுங்கள். காலைக் கார்டிசோல் 3-க்குக் கீழே இருந்தால் அனேகமாகக் குறைபாடுதான். 15, 18-க்கு மேல் என்றால் பெரும்பாலும் பயமில்லை. நடுவில் இருந்தால் மேல் பரிசோதனை உண்டு. கூடவே சோடியம், புரோலாக்டின், எஃப்.எஸ்.எச். இவை எல்லாமே சாதாரண ரத்தப் பரிசோதனைகள். ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், கார்டிசோல் கணக்கே மாறிவிடும்.

அதற்குப் பிறகு

சித்திக்கு முதலில் ஹைட்ரோகார்டிசோன் காலை 10, மதியம் 5, சாயங்காலம் 5 மில்லிகிராம். அது பிடித்த பிறகு தைராக்சின், குறைந்த அளவில் இருந்து. இனி அதன் அளவை டி.எஸ்.எச். பார்த்து முடிவு செய்யக் கூடாது, ஃப்ரீ டி4 பார்த்துத்தான். இதையும் புதிதாகப் பார்க்கிற டாக்டரிடம் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்து மெடிக்கலில் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை கிடைக்கவில்லை. மதுரையில் இருந்து வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தேன். பிறகு டாக்டர் பிரட்னிசோலோனுக்கு மாற்றிக் கொடுத்தார். அது எங்கேயும் கிடைக்கும், விலையும் குறைவு.

பெரிய எதிரி மருந்துப் பற்றாக்குறை இல்லை, ஸ்டீராய்டு என்ற பயம். "ஸ்டீராய்டா? எலும்பெல்லாம் உருகிரும், நிப்பாட்டுங்க" என்று ஒரு சொந்தக்காரர் சொல்லி, சித்தி சில நாள் நிறுத்திவிட்டார். கோயில் வாசலில் மயங்கி விழுந்தார். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ அதிக அளவில் கொடுக்கிற ஸ்டீராய்டு வேறு. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை அதே அளவுக்கு மாத்திரையாகக் கொடுப்பது வேறு. இதை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சித்தியின் பர்சில் இப்போது ஒரு அட்டை இருக்கிறது: நோயின் பெயர், தினசரி அளவு, மயங்கினால் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போடவும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும்.

எலும்பு ஏற்கெனவே போயிருந்தது. அது மாத்திரையால் இல்லை; 26 வயதில் இருந்து ஈஸ்ட்ரோஜன் இல்லாததால். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கிற டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பின் அளவு மைனஸ் 3.1. மாதவிடாய் இயல்பாக நிற்கிற வயது வரைக்கும் என்று சில வருடம் ஈஸ்ட்ரோஜனும் கொடுத்தார்கள், கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்து. 2019-ல் கொல்லையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. வளர்ச்சி ஹார்மோனும் குறைவுதான். அதன் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது, அதைக் கொடுக்கவில்லை.

மற்றபடி ஆள் மாறிவிட்டார். குரல் பழைய குரல் ஆனது. போர்வை பெட்டிக்குள் போனது. கூட்டத்தோடு உட்கார்ந்து சத்தமாகப் பேசுகிறார். நாங்கள் பிள்ளைகளாக இருக்கும்போது அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. சித்தி மகளுக்கு ஒரு பாரம் இருந்தது, நான் பிறந்ததால்தான் அம்மா இப்படி ஆனாள் என்று. ஊரில் சொல்லியே வளர்த்திருந்தார்கள். ரத்தப்போக்கை உடனே நிறுத்த வழி இல்லாத இடத்தில் நடந்த பிரசவம் அது, உன்மேல் என்ன இருக்கிறது என்று டாக்டர் அவளை உட்கார வைத்துப் பேசினார். இது பரம்பரையாக வருவதும் இல்லை. 2021-ல் அவளுக்குப் பிரசவமானபோது எல்லாம் நல்லபடியாக நடந்தது, பாலும் ஊறியது.

காய்ச்சல் வந்தால் மாத்திரை அளவை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆக்க வேண்டும் என்பது சித்திக்கு இப்போது மனப்பாடம். வாந்தி வந்து மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசி. 2023-ல் ஊரெல்லாம் வைரஸ் காய்ச்சல் பரவியபோது அவருக்கும் வந்தது. காய்ச்சல் கண்ட அன்றே அளவைக் கூட்டினார். ராத்திரி வாந்தி எடுத்ததும் சித்தப்பா கிராம சுகாதார செவிலியரைக் கூப்பிட்டு வந்தார். வீட்டில் வைத்திருந்த ஊசியை அவர் போட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரண்டு நாளில் சித்தி வீட்டில் இருந்தார்.

அட்டையைப் படித்த அந்தச் செவிலியர் அதன்பிறகு தன் பகுதியில் நடுவயதுப் பெண்கள் அசதி என்று சொன்னால் பிரசவக் கதையைக் கேட்க ஆரம்பித்திருக்கிறார். அடுத்த தெருவில் ஒரு அக்கா, 1989-ல் வீட்டில் பெற்றவர், ரத்தம் நிறையப் போனது என்று சொன்னார். பால் ஊறியதாம், தீட்டும் ஒழுங்காக வந்ததாம். ஆனாலும் எதற்கும் பார்த்துவிடலாம் என்று டவுன் டாக்டரிடம் அனுப்பினார். கார்டிசோல் சரியாக இருந்தது. ஷீஹான் இல்லை. டி.எஸ்.எச். 68, சாதாரணத் தைராய்டு குறைபாடு. அவருக்கும் அதுவரை ரத்த சோகை மாத்திரைதான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.